உணவுப் பாதுகாப்பு: சட்டம் கேட்பதும் வாங்குபவர் கேட்பதும்

பெரிய சூப்பர்மார்க்கெட்டுகளுக்குச் சரக்கு அனுப்பும் உணவுத் தொழிற்சாலைக்காரர்களிடம் பேசிப் பாருங்கள். அரசு இன்ஸ்பெக்டர் எப்போதாவது வருவார், ஆனால் தனியார் ஆடிட்டர்கள் வந்துகொண்டே இருப்பார்கள் என்பார்கள். ஒரு வாடிக்கையாளருக்காக ஒரு ஆடிட், இன்னொருவருக்காக இன்னொன்று, சான்றிதழைப் புதுப்பிக்க மூன்றாவது. அப்படியானால் நாம் சாப்பிடும் பொருள் பாதுகாப்பானதா என்று முடிவு செய்வது அரசா, சரக்கை வாங்கும் கம்பெனியா? இரண்டு பேரும்தான். ஒருவர் எழுதிய விதியை மற்றவர் எடுத்துக்கொள்கிறார், ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் நிரப்புகிறார், சில சமயம் "அவர் பார்த்துக்கொள்வார்" என்று இருவருமே விட்டுவிடுகிறார்கள். இந்தக் கடைசி வகையில்தான் உயிர்கள் போயிருக்கின்றன, அதற்குக் கொஞ்சம் பிறகு வருகிறேன்.

முதலில் அடிப்படை. அரசு விதி என்பது எல்லோருக்கும் பொருந்துவது. மீறினால் அபராதம், லைசென்ஸ் ரத்து, பெரிய குற்றமென்றால் சிறை. தனியார் தரநிலை என்பது வாங்குபவர்கள் சேர்ந்தோ, தொழில் சங்கங்களோ, ஐ.எஸ்.ஓ. என்ற சர்வதேசத் தரநிலை அமைப்பு மாதிரியானவையோ எழுதுவது. அதை மீறினால் போலீஸ் வராது, ஆர்டர் வராது, அவ்வளவுதான். சட்டத்தின் கண்ணில் அதில் சேருவதும் சேராததும் உங்கள் விருப்பம். ஆனால் ஒரு சந்தையில் சில்லறை விற்பனையின் பெரும்பகுதி நாலைந்து சங்கிலிக் கடைகளின் கையில் இருந்து, அந்த நாலைந்தும் ஒரே சான்றிதழைக் கேட்டால், விருப்பம் என்பது ஏட்டளவில்தான். சான்றிதழ் இல்லாதவர் தொழிலை மூட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, ஆனால் விற்பதற்கு இடமிருக்காது.

சரி, சட்டம் இருக்கும்போது கம்பெனிகள் எதற்குத் தனியாக விதி எழுதுகின்றன? வாடிக்கையாளர் மேல் அக்கறை என்று விளம்பரத்தில் சொல்வார்கள். அது முழுப் பொய் இல்லை, ஆனால் பல இடங்களில் அவர்களை எழுத வைத்ததே சட்டம்தான். இதற்கு நல்ல உதாரணம் பிரிட்டன். அங்கே 1990-ல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு முன்பு, கெட்டுப்போன பொருளை விற்ற கடைக்காரர் "சப்ளையர் எனக்கு உத்தரவாதம் எழுதிக் கொடுத்தார்" என்று காட்டித் தப்பிக்க வழி இருந்தது. புதிய சட்டம் அந்த வழியை அடைத்தது. அதன் 21-வது பிரிவின்படி, தவறு நடக்காமல் இருக்க நியாயமான எல்லா முன்னெச்சரிக்கையும் எடுத்தேன், வேண்டிய கவனத்தோடு நடந்துகொண்டேன் என்று கடைக்காரரே நிரூபித்தால்தான் தப்பிக்கலாம். அந்தக் கவனம் எப்படி இருக்க வேண்டும் என்று வரி வரியாகச் சட்டம் சொல்லவில்லை. அதனால் தங்கள் பெயரிலேயே பிஸ்கட்டும் ஜாமும் விற்றுக்கொண்டிருந்த சூப்பர்மார்க்கெட்டுகள் பயந்துபோய், சப்ளையர் தொழிற்சாலைகளுக்கெல்லாம் சொந்த ஆட்களை அனுப்பத் தொடங்கின. ஒரே தொழிற்சாலைக்கு ஆறு கடையிலிருந்து ஆறு பேர், ஆறு விதமான படிவம். யாருக்கும் தாங்கவில்லை. கடைசியில் பிரிட்டிஷ் சில்லறை வணிகர்களின் சங்கமே 1998-ல் பொதுவான ஒரு தரநிலையை வெளியிட்டது. பி.ஆர்.சி. என்று இன்று பல நாடுகளில் பேசப்படும் சான்றிதழ் அதுதான். ஒரு சட்டம் பொறுப்பைத் தூக்கி ஒருவர் தலையில் வைத்தது, அவர் அதை ஒரு தனியார் விதியாக மாற்றிச் சப்ளையரிடம் இறக்கிவிட்டார். இந்த ஒரு அசைவைப் புரிந்துகொண்டால் இந்தத் துறையில் பாதி புரிந்த மாதிரி.

இதே காலத்தில்தான், மாட்டுப் பைத்திய நோய் மனிதர்களுக்கும் வரலாம் என்று 1996-ல் பிரிட்டிஷ் அரசு ஒப்புக்கொண்டது, அரசின் பேச்சில் மக்களுக்கு இருந்த நம்பிக்கை சரிந்தது. அடுத்த வருடம் ஐரோப்பியச் சில்லறை வணிகர்கள் பண்ணைகளுக்கென்று யூரெப்கேப் என்ற தரநிலையைத் தொடங்கினார்கள், 2007-ல் அது குளோபல்கேப் என்று பெயர் மாறியது. 2000-ல் ஜி.எஃப்.எஸ்.ஐ. என்ற அமைப்பு வந்தது. இது யாருக்கும் நேரடியாகச் சான்றிதழ் கொடுப்பதில்லை, இந்தத் தரநிலை சரியானது, அந்தத் தரநிலையும் இதற்கு ஈடானது என்று தரநிலைகளையே எடை போட்டு ஏற்கிறது. ஒன்றில் சான்று வாங்கினால் எல்லாக் கடையும் ஏற்கும் என்பது கனவு. ஓரளவு நடந்தது. வால்மார்ட் 2008-ல் தன் சப்ளையர்களிடம் இந்த வகைச் சான்றிதழைக் கேட்கத் தொடங்கியதும் இந்தச் சான்றிதழ்களின் எடையே மாறிப்போனது.

இங்கே ஒரு சின்ன இடைச்செருகல், ஏனென்றால் புதிதாக வருபவர்கள் குழம்புவது இங்கேதான். தரநிலையை எழுதுபவர் ஒருவர். தொழிற்சாலைக்கு வந்து பார்த்துச் சான்றிதழ் கொடுப்பவர் இன்னொருவர். சான்றிதழ் கொடுப்பவருக்கு அந்தத் தகுதி இருக்கிறதா என்று பார்ப்பவர் மூன்றாமவர். சில நாடுகளில் இந்த மூன்றாமவர் அரசின் கீழ் இருப்பார், சில நாடுகளில் தனியார். "எங்களுக்குச் சான்றிதழ் இருக்கிறது" என்று யாராவது சொன்னால், இந்த மூன்று இடத்திலும் யார் யார் என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்குப் பதில் தெரியாது.

இதுவரை சொன்னதில் சட்டம் முன்னால் போக, தனியார் விதி பின்னால் வந்தது. தலைகீழாகவும் நடக்கும். 1959-ல் அமெரிக்காவின் நாசா, விண்வெளி வீரர்களுக்கான உணவைத் தயாரிக்கும் வேலையை பில்ஸ்பரி என்ற மாவு கம்பெனியிடம் கொடுத்தது. பூமியைச் சுற்றும்போது ஒருவருக்கு வாந்தி பேதி வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். செய்து முடித்த உணவைச் சோதித்தே கிருமி இல்லை என்று உறுதி செய்ய முயன்றால், பெரும்பகுதி உணவு சோதனைக்கே போய்விடும், வீரருக்கு மிஞ்சாது. அதனால் யோசனையைத் திருப்பினார்கள். கடைசியில் சோதிப்பதை விட்டு, தயாரிப்பின் எந்தெந்தப் படியில் ஆபத்து உள்ளே வரலாம், எந்தப் படியில் அதை நிறுத்தலாம் என்று முன்கூட்டியே கண்டுபிடித்து, அந்தப் படிக்கு ஒரு வரம்பு வைத்து, ஒவ்வொரு முறையும் அளந்து எழுதி வைப்பது. பாலை 72 டிகிரி செல்சியஸில் குறைந்தது 15 விநாடி சூடாக்குவது அப்படி ஒரு படி: வெப்பநிலை குறைந்தால் கருவி காட்டிக்கொடுக்கும், அந்தப் பாலை வெளியே விடக் கூடாது. இந்த முறைக்குத்தான் ஹாசப் என்று பெயர். பில்ஸ்பரி 1971-ல் இதைப் பொதுவெளியில் விளக்கியது. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் உலகச் சுகாதார நிறுவனமும் சேர்ந்து நடத்தும் கோடெக்ஸ் ஆணையம் 1993-ல் இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. அமெரிக்காவில் மீன், இறைச்சி, பழச்சாறு என்று ஒவ்வொன்றாக இது சட்டமானது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2006-லிருந்து, பண்ணை மட்டத்தைத் தவிர, கிட்டத்தட்ட எல்லா உணவுத் தொழிலுக்கும் கட்டாயம். ஒரு கம்பெனியின் உள் நடைமுறையாக ஆரம்பித்தது இன்று நாடுகளின் சட்டப் புத்தகத்தில் உட்கார்ந்திருக்கிறது. இன்று எந்தத் தனியார் தரநிலையைப் புரட்டினாலும் அதன் நடுவில் ஹாசப் இருக்கும், அதனால் "இது அரசு விதியா தனியார் விதியா" என்று கோடு போட்டுப் பிரிக்கவே முடியாது.

இரண்டு திசையும் ஒரே கதையில் வரும் சம்பவம் ஒன்று உண்டு. 1993-ல் அமெரிக்காவில் ஜாக் இன் தி பாக்ஸ் என்ற சங்கிலி உணவகத்தில் சரியாக வேகாத மாட்டிறைச்சிப் பர்கரைச் சாப்பிட்ட 700-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், 4 குழந்தைகள் இறந்தார்கள். காரணம் ஈ.கோலை ஓ157 என்ற பாக்டீரியா. அன்றைய மத்திய அரசின் அளவுகோல் இறைச்சியை 60 டிகிரி செல்சியஸுக்கு வேக வைத்தால் போதும் என்றது, நோய் அதிகம் பரவிய வாஷிங்டன் மாநிலமோ 68 டிகிரி வேண்டும் என்று கேட்டிருந்தது. அரசு விதி என்றாலே ஒரே விதி என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம். அப்புறம் நடந்ததைப் பாருங்கள். அந்த உணவகக் கம்பெனி சட்டத்துக்குக் காத்திருக்காமல், சப்ளையர்கள் இறைச்சியைக் கிருமிச் சோதனை செய்துதான் அனுப்ப வேண்டும் என்று கண்டிப்பாகக் கேட்டது. 1994-ல் அரசு, அரைத்த பச்சை மாட்டிறைச்சியில் அந்தக் கிருமி இருந்தாலே அது விற்கக் கூடாத கலப்படப் பொருள் என்று அறிவித்தது. தொழில் சங்கங்கள் வழக்குப் போட்டுத் தோற்றன. 1996-ல் இறைச்சிக் கூடங்களுக்கு ஹாசப்பைக் கட்டாயமாக்கும் விதி வந்தது. ஒரு பெரிய வாடிக்கையாளர் நடைமுறையில் செய்து காட்டிக்கொண்டிருந்ததால், "இதெல்லாம் முடியாத காரியம்" என்று தொழில்துறை சொன்னது எடுபடவில்லை.

ஆனால் தனியார் விதி எப்போதும் நல்ல திசையில்தான் இழுக்கும் என்று நினைக்க வேண்டாம். ஜெர்மனியில் சில சூப்பர்மார்க்கெட்டுகள், காய்கறி பழத்தில் பூச்சிமருந்து எச்சம் சட்டம் அனுமதிக்கும் அளவில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று கேட்டன. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சட்ட வரம்பு ஏற்கெனவே ஆபத்துக் கணக்குப் போட்டு வைத்தது. மூன்றில் ஒரு பங்கு என்பது எந்த ஆய்வகத்திலிருந்து வந்தது? எதிலிருந்தும் இல்லை, பக்கத்துக் கடையோடு போட்டி. கலிஃபோர்னியாவில் இதைவிடத் தீவிரமாக ஒன்று நடந்தது. 2006-ல் பசலைக்கீரை மூலம் அதே ஓ157 பரவி 26 மாநிலங்களில் சுமார் 200 பேர் நோயுற்றார்கள். அதற்குப் பிறகு பெரிய வாங்குபவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் பங்குக்கு, காட்டுப் பன்றியும் மானும் வயலில் நுழையக் கூடாது, வேலி போடு, வயலோரப் புதரை வெட்டு, இத்தனை தூரம் வெற்று நிலம் விடு என்று அடுக்கினார்கள். ஓடைக்கரைகளில் இருந்த செடி கொடியெல்லாம் போனது. அந்தச் செடிகள்தான் ஓடிவரும் மழைநீரை வடிகட்டும், அதிலிருக்கும் கிருமியையும் கொஞ்சம் தடுக்கும் என்று சுற்றுச்சூழல் பக்கத்தினர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வாங்குபவர் விதிக்கு இந்தக் குறை எப்போதும் உண்டு: அதை எழுதும்போது பொதுமக்களிடம் கருத்துக் கேட்க வேண்டிய அவசியம் இல்லை, அறிவியல் ஆதாரத்தை வெளியே வைக்க வேண்டிய அவசியமும் இல்லை.

அதே கலிஃபோர்னியாவில் இன்னொரு ஏற்பாடும் பிறந்தது, எனக்கு அது பிடித்தமானது. 2007-ல் கீரை வியாபாரிகள் தாங்களே ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். சேருவது விருப்பம், சேர்ந்துவிட்டால் விதி கட்டாயம், பரிசோதிக்க வருவது மாநில வேளாண் துறையின் ஆடிட்டர்கள். விதி தொழில்துறையுடையது, சோதிக்கும் கை அரசுடையது. மாநிலத்தின் இலைக்காய்கறியில் மிகப் பெரும்பகுதி இதற்குள் வந்துவிட்டது. இதனால் நோய்ப் பரவல் நின்றுவிடவில்லை, 2018-ல்கூட லெட்டூஸால் பெரிய பரவல் வந்தது. ஆனாலும் ஆடிட்டரின் சம்பளம் யார் கையில் என்ற கேள்வியை இந்த ஏற்பாடு நேர்மையாகக் கையாண்டது.

அந்தக் கேள்விதான் இப்போது. பொதுவாகத் தனியார் ஆடிட்டுக்குக் காசு கொடுப்பது ஆடிட் செய்யப்படுபவரே. வினாத்தாள் திருத்தும் ஆசிரியருக்கு மாணவனே சம்பளம் கொடுத்து, பிடிக்காவிட்டால் அடுத்த வருடம் வேறு ஆசிரியரை வைத்துக்கொள்ளலாம் என்றால் மதிப்பெண் எப்படி இருக்கும்?

2008, 2009 வாக்கில் பீனட் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா என்ற கம்பெனியின் வேர்க்கடலைப் பொருட்கள் மூலம் சால்மோனெல்லா என்ற பாக்டீரியா பரவி 714 பேர் நோயுற்றார்கள், 9 பேர் இறந்தார்கள். அவர்களிடம் வேர்க்கடலை வாங்கிய கம்பெனிகள் ஏராளம், திரும்பப் பெறப்பட்ட பொருள் வகைகளே ஆயிரக்கணக்கில். அந்த ஆலைக்குத் தனியார் ஆடிட்டர் கொடுத்த மதிப்பீடு "மிகச் சிறப்பு". முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்த ஆடிட், பணம் கொடுத்தது அந்த ஆலையே. இன்னொரு பக்கம் நெஸ்லே தன் சொந்த ஆட்களை அனுப்பி அந்தக் கம்பெனியின் ஆலைகளைப் பார்த்துவிட்டு, இவர்களிடம் வாங்க வேண்டாம் என்று ஒதுங்கியிருந்தது. அதே கம்பெனியைத்தான் இரண்டு பேரும் பார்த்தார்கள். ஒருவருக்குச் சோதிக்கப்படுபவர் வாடிக்கையாளர், இன்னொருவருக்கு அவர் தன் பெயரைக் கெடுக்கக்கூடிய சப்ளையர். அரசை மட்டும் விட்டுவிட வேண்டாம்: மத்திய உணவு மருந்துத் துறை 2001-க்குப் பிறகு அந்த ஆலைக்குத் தானே போகாமல், மாநில ஆய்வாளர்களை நம்பியிருந்தது. கம்பெனி தானே செய்த சோதனைகளில் கிருமி தெரிந்தும் சரக்கை அனுப்பியிருந்தது, அந்தச் சோதனை முடிவை அரசுக்குச் சொல்ல வேண்டும் என்று அன்று சட்டமும் இல்லை. பிறகு ஜார்ஜியா மாநிலம், கிருமி தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்று சட்டம் போட்டது. கம்பெனியின் தலைவருக்கு 2015-ல் 28 வருடச் சிறை.

இதைவிட என்னை யோசிக்க வைப்பது 2011-ல் நடந்தது. கொலராடோவில் ஒரு பண்ணையின் முலாம்பழத்தால் லிஸ்டீரியா என்ற பாக்டீரியா பரவி 147 பேர் நோயுற்றார்கள், 33 பேர் இறந்தார்கள். பரவல் தொடங்கிய அந்த ஜூலை மாதத்தில்தான் தனியார் ஆடிட்டர் அங்கே போய் 100-க்கு 96 மதிப்பெண் போட்டிருந்தார். பழத்தைக் கழுவும் தண்ணீரில் கிருமிநாசினி சேர்ப்பதில்லை என்பதை அவர் பார்த்தார், படிவத்தில் எழுதவும் செய்தார். ஆனாலும் 96. ஏன்? கிருமிநாசினி பற்றி அரசு சொல்லியிருந்தது வெறும் ஆலோசனை, கட்டாயம் இல்லை, அதனால் அதை வைத்து மதிப்பெண்ணைக் குறைக்க முடியாது என்பது ஆடிட் தரப்பின் வாதம். வாங்கும் கடைகளோ 96 என்ற எண்ணைப் பார்த்துத் திருப்தியடைந்தன. சட்டம் ஆலோசனையோடு நிறுத்திக்கொண்டது, தனியார் விதி சட்டத்தைக் கைகாட்டியது, வாங்குபவர் சான்றிதழைக் கைகாட்டினார். நான் மேலே சொன்ன "அவர் பார்த்துக்கொள்வார்" என்பது இதுதான்.

அமெரிக்காவில் 2011 ஜனவரியில் கையெழுத்தான உணவுப் பாதுகாப்பு நவீனமாக்கல் சட்டம், ஒரு பகுதியில் இந்த ஓட்டையை அடைக்கப் பார்த்தது. இறக்குமதிச் சரக்குக்கென்று ஒரு தனித் திட்டம் வைத்து, அதற்குள் வரும் தனியார் ஆடிட்டர், பொதுமக்களுக்குப் பெரிய ஆபத்து வரக்கூடிய எதைக் கண்டாலும் உடனே அரசுக்குச் சொல்ல வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. சாதாரண வணிக ஆடிட்டில் அப்படி இல்லை: கண்டதைக் காசு கொடுத்தவரிடம் சொல்வதோடு சரி. ஆடிட்டரின் சம்பளத்தை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு உணவுக்கு வெளியே ஒரு நல்ல ஆதாரம் இருக்கிறது. குஜராத்தில் தொழிற்சாலைப் புகையைச் சோதிக்கும் ஆடிட்டர்களை வைத்து எஸ்தர் டஃப்லோவும் மற்ற பொருளாதார ஆய்வாளர்களும் நடத்தி 2013-ல் வெளியிட்ட ஆய்வு அது. ஆடிட்டரை ஆலை தேர்ந்தெடுக்காமல் குலுக்கல் முறையில் ஒதுக்கி, பொதுவான நிதியிலிருந்து சம்பளம் கொடுத்து, அவ்வப்போது மறுசோதனையும் செய்தபோது, அறிக்கைகள் உண்மைக்கு நெருங்கின, ஆலைகளும் மாசைக் குறைத்தன. உணவில் இதைப் பெரிய அளவில் ஏன் செய்ய மாட்டேன் என்கிறார்கள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, ஏழை நாடுகளின் பக்கம். உலக வர்த்தக அமைப்பின் விதிப்படி ஒரு அரசு உணவுப் பாதுகாப்பைக் காரணம் காட்டி இறக்குமதியைத் தடுத்தால், அதற்கு அறிவியல் ஆதாரம் காட்ட வேண்டும், மற்ற நாடுகள் கேள்வி கேட்கலாம். ஒரு சூப்பர்மார்க்கெட் சங்கிலி தடுத்தால்? 2005 ஜூனில் செயின்ட் வின்சென்ட் என்ற கரீபியத் தீவு நாடு இந்தக் கேள்வியைத்தான் அந்த அமைப்பின் குழுவில் எழுப்பியது. பிரிட்டனுக்கு வாழைப்பழம் அனுப்பும் அவர்களுடைய சிறு விவசாயிகளிடம் யூரெப்கேப் சான்று கேட்கப்பட்டது, அரசின் விதியைவிட அது கடுமையாக இருந்தது, முறையிட ஒரு வாசலும் இல்லை. உணவுப் பாதுகாப்பு பற்றிய உலக வர்த்தக அமைப்பு ஒப்பந்தத்தின் 13-வது பிரிவு, தங்கள் நாட்டில் உள்ள அரசு சாராத அமைப்புகளும் ஒப்பந்தத்துக்கு ஒத்து நடக்க அரசுகள் நியாயமான முயற்சி எடுக்க வேண்டும் என்கிறது. ஒரு கடை தன் சப்ளையருக்குப் போடும் நிபந்தனை இதற்குள் வருமா வராதா என்று பல வருடம் பேசினார்கள். தனியார் தரநிலை என்றால் என்ன என்பதற்கு ஒரு வரையறையில்கூட உடன்பாடு வரவில்லை.

இதற்கிடையே அரசுகள் மெதுவாகத் தனியார் சான்றிதழ்மேல் சாய ஆரம்பித்துவிட்டன, ஏனென்றால் இன்ஸ்பெக்டர்கள் போதாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2017-ம் ஆண்டு ஒழுங்குமுறை, எந்தத் தொழிற்சாலைக்கு எத்தனை முறை போவது என்று தீர்மானிக்கும்போது நம்பகமான தனியார் திட்டங்களின் முடிவையும் கணக்கில் எடுக்கலாம் என்கிறது. பிரிட்டனில் சில அங்கீகரிக்கப்பட்ட திட்டங்களில் இருக்கும் பால் பண்ணைகளுக்கு அரசு ஆய்வு குறைவு. கோடெக்ஸும் 2021-ல், ஒரு அரசு தனியார் திட்டத்தை எப்படி எடை போட வேண்டும், எந்த அளவுக்கு நம்பலாம் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. அதிகாரத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது, சான்றிதழ் இல்லாதவரைத் தண்டிக்கக் கூடாது என்பதெல்லாம் அதில் உண்டு. சரியான யோசனைதான், ஒரு நிபந்தனையோடு: அரசு அவ்வப்போது தானே திடீரென்று போய்ப் பார்த்து, தனியார் முடிவோடு ஒப்பிட வேண்டும். ஒப்பிடாமல் நம்பினால் முலாம்பழக் கதைதான்.

நீங்கள் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவராகவோ, யாரிடமாவது சரக்கு வாங்குபவராகவோ இருந்தால், சான்றிதழைக் கையில் வாங்கியதும் நாலு விஷயம் பாருங்கள். எந்த ஆலைக்கு என்று முகவரி இருக்கும், நீங்கள் வாங்கும் சரக்கு அந்த ஆலையிலிருந்துதான் வருகிறதா? எந்தப் பொருளுக்கு, எந்தச் செயல்முறைக்கு என்று எழுதியிருக்கும், உங்கள் பொருள் அதற்குள் இருக்கிறதா? ஆடிட் சொல்லிவிட்டு நடந்ததா, சொல்லாமலா? கடைசியாக, மதிப்பெண்ணை விட்டுவிட்டு முழு அறிக்கையைக் கேளுங்கள், குறைகள் எல்லாம் அதில்தான் இருக்கும், தர மறுத்தால் அதுவே ஒரு தகவல். சான்றிதழ் இருப்பதால் சட்டம் உங்களை விட்டுவிடாது. பொருளை விற்றவர் என்ற முறையில் பொறுப்பு உங்களுடையதாகவே இருக்கும், உங்களுக்குச் சான்றிதழ் கொடுத்தவரால் அதைத் திரும்பப் பெற்று உங்கள் ஆர்டரை நிற்க வைக்க மட்டுமே முடியும், சரக்கைக் கடைகளிலிருந்து எடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் அரசிடம்தான் இருக்கிறது.